காலம் கனிய வைக்கும் துவர்ப்பு

நாள்பட்டால் கெடுவது உணவுப் பொருள்களின் இயல்பு. பால் ஒரு நாளில் கெடுகிறது. பழம் சில நாட்களில் அழுகுகிறது. ஆயினும் நாள்பட நாள்படச் சிறப்படையும் பொருள்களும் உண்டு என்பதை நம் தாய்மார்கள் நன்கு அறிவர். சோற்றுக்குப் பழைய அரிசியையும் குழம்புக்குப் பழம்புளியையும் அவர்கள் தேடி வாங்குவது எதனால்? புதியதில் இல்லாத ஏதோ ஒன்று பழையதில் இருப்பதனால் அன்றோ? அந்த ஏதோ ஒன்றை விஞ்ஞான முறையில் ஆராய்வதற்கு மிகவும் ஏற்ற பொருள் இத்தாலி நாட்டில் இருக்கிறது. அதுதான் பரோலோ என்னும் சிவப்பு ஒயின்.

மதுவைப் பற்றிய கட்டுரையா என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். குடியால் அழிந்த குடும்பங்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஆகவே அந்தச் சுளிப்பு நியாயமானதே. எனினும் ஒன்றைக் கருத வேண்டுகிறேன். பரோலோவில் ஆல்கஹால் ஏறக்குறைய 13 அல்லது 14 சதவீதம் இருக்கிறது. புட்டியில் அடைத்து இருபது ஆண்டுகள் வைத்திருந்தாலும் அந்த அளவு பெரிதாக மாறுவதில்லை. போதை ஒன்றே இன்பம் என்றால், புதிய ஒயினுக்கும் பழைய ஒயினுக்கும் வேற்றுமை தோன்றக் காரணமே இல்லை. ஆனால் சுவைத்தவர்களோ இரண்டும் இரு வேறு பொருள்கள் என்கிறார்கள். அப்படியானால் முதிர்ந்த ஒயின் தரும் இன்பம் எங்கே இருக்கிறது? அதைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாடும் திராட்சையும்

இத்தாலியின் வடமேற்கில், ஆல்ப்ஸ் மலைத்தொடரை ஒட்டிப் பியட்மாண்ட் மாநிலம் அமைந்திருக்கிறது. மலையடிவாரம் என்பதே அப்பெயரின் பொருள். அங்கே ஆல்பா நகரைச் சூழ்ந்துள்ள லாங்கே குன்றுகளின் திராட்சைத் தோட்டங்களை 2014-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அக்குன்றுகளில் விளைவது நெபியோலோ என்னும் திராட்சை. மூடுபனியைக் குறிக்கும் ‘நெபியா’ என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது என்பர். மற்றத் திராட்சைகள் பழுத்துப் பறிக்கப்பட்ட பின்னும் இது பெரும்பாலும் அக்டோபர் வரை கொடியிலேயே நிற்கும்.

நெபியோலோவின் சாறு நிறத்தில் மெலிந்தது. புளிப்பிலும் துவர்ப்பிலும் மிகுந்தது. அதனால் புதிய பரோலோவைக் குடிப்பது எளிதன்று. இதை அறிந்தே இத்தாலியச் சட்டமும் காத்திருத்தலைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பதினொரு ஊர்களின் எல்லைக்குள் விளைந்த நெபியோலோவிலிருந்து மட்டுமே பரோலோ செய்யலாம். குறைந்தது 38 மாதங்கள் அதை முதிர வைக்க வேண்டும். அவற்றுள் 18 மாதங்கள் மரப் பீப்பாயில் கழிய வேண்டும். ‘ரிசர்வா’ என்னும் உயர்வகைக்கு 62 மாதங்கள். அதன் பின்னரும் வாங்கியவர்கள் நிலவறையில் பத்து, இருபது ஆண்டுகள் வைத்திருப்பது உண்டு.

துவர்ப்பு என்பது என்ன?

இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு எனச் சுவை நான்கு என்று ஐரோப்பியர் நெடுங்காலம் எண்ணி வந்தனர். நாமோ ஆறு என்கிறோம். அவற்றுள் துவர்ப்பும் ஒன்று. தமிழகத்துக்கு வெளியே பிறந்து வளர்ந்த எனக்கு அச்சொல்லைக் கற்பித்தது பள்ளிக்கூடம் அன்று. அம்மா ஆய்ந்து வைத்த வாழைப்பூதான்.

வாழைப்பூவிலும், பாக்கிலும், கடுக்காயிலும், திராட்சையின் தோலிலும் விதையிலும் டானின் என்னும் பொருள்கள் உள்ளன. இவை நம் உமிழ்நீரில் உள்ள புரதங்களைப் பற்றிக்கொண்டு திரளச் செய்கின்றன. உமிழ்நீரின் வழுவழுப்புக் குறைகிறது. நாக்கும் கன்னத்தின் உட்புறமும் ஒன்றோடொன்று உராய்கின்றன. துவர்ப்பு என்று நாம் உணர்வது பெரும்பாலும் இந்த உராய்வையே. எனவே அது நாவின் சுவை என்பதைவிட வாயின் தொடுவுணர்ச்சி என்பதே பொருந்தும். ஒயினைப் பற்றி எழுதும் மேனாட்டார் பட்டு, வெல்வெட்டு, மணல் என்று உவமை காட்டுவதும் இதனால்தான்.

வாழைப்பூவை நறுக்கி மோரில் போடுகிறார்களே, அது ஏன்? மோரிலுள்ள புரதம் டானினை முன்னதாகவே பற்றிக்கொள்கிறது. நம் உமிழ்நீருக்கு மிஞ்சுவது கொஞ்சமே. சிவப்பு ஒயினோடு இத்தாலியர் பாலாடைக்கட்டி உண்பதும் ஏறக்குறைய அதே இரசாயனம். மோர் சில நிமிடங்களில் செய்வதைக் காலம் வேறு வழியில், பல ஆண்டுகளில் செய்கிறது.

புட்டிக்குள் நடப்பது

ஒயின் முதிர்வதில் பிராணவாயுவுக்குப் பங்கு உண்டு என்பதை லூயி பாஸ்டர் 1866-இல் வெளியிட்ட தம் ஆராய்ச்சி நூலில் விளக்கினார். காற்று மிகுந்தால் ஒயின் கெடும்; பீப்பாயின் மரத்தின் வழியாகவும் தக்கையின் வழியாகவும் சிறிது சிறிதாகச் சேர்ந்தால் கனியும். அந்தச் சிறிதளவு பிராணவாயு ஆல்கஹாலில் ஒரு நுண்பகுதியை அசெட்டால்டிஹைடாக மாற்றுகிறது. அது டானின்களையும் நிறம் தரும் ஆந்தோசயனின்களையும் பாலம்போல் இணைக்கிறது. சங்கிலிகள் நீள்கின்றன, சில, கரைந்திருக்க இயலாமல் வண்டலாகப் படிகின்றன. அதே வேளையில் ஒயினின் அமிலத்தால் சில கண்ணிகள் அறுந்து மீண்டும் வேறு விதமாகச் சேர்கின்றன. இவ்வளவும் நடந்து முடிந்தபின் எஞ்சும் டானின் உமிழ்நீரை முன்போல் இறுகப் பற்றுவதில்லை. ஊதா கலந்த செந்நிறமும் செங்கல் நிறமாகிறது.

மணமும் மாறுகிறது. புதுப்பழத்தின் வாசனை தரும் எஸ்டர்கள் பல சிதைந்து மறைகின்றன. சர்க்கரையோடு பிணைந்து மணமற்றுக் கிடந்த மூலக்கூறுகள் விடுபட்டு மணக்கத் தொடங்குகின்றன.

சென்ற கோடையில் பயிற்சி ஒன்றிற்காகத் தூரின் நகருக்குச் சென்றிருந்தபோது, இருபது ஆண்டு முதிர்ந்த பரோலோவை இரண்டு மிடறு சுவைக்கும் வாய்ப்புக் கிட்டியது. வாடிய ரோஜா, மழையில் நனைந்த சருகு, புதிதாகத் தார் போட்ட சாலை ஆகிய மூன்றும் ஒரே மூச்சில் வந்தன. வாயில் துவர்ப்பு இருந்தது; ஆனால் கவ்வவில்லை. நாவைத் தடவிக்கொண்டு நெடுநேரம் இருந்து, பிறகு மெல்ல விலகியது. வாழைப்பூவை அறிந்த நாவுக்கு அது அயலாகத் தோன்றவில்லை.

அருந்தும் முறையும் எச்சரிக்கையும்

பழைய புட்டியைத் திறப்பதற்கு ஒரு நாள் முன்னதாக நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் தங்கும். பின்னர் அசைக்காமல் மெதுவாக ஊற்ற வேண்டும். மிகப் பழைய ஒயினின் மணம் காற்றில் விரைவில் கலைந்துவிடும். எனவே அதை நெடுநேரம் திறந்து வைத்தல் ஆகாது.

எல்லா ஒயினும் முதிர்ந்தால் சிறக்கும் என்று எண்ண வேண்டாம். உலகில் செய்யப்படும் ஒயினில் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் குடிப்பதற்கென்றே செய்யப்படுகிறது. வெப்பமோ முதிர்ச்சியின் பகைவன். நம் வடநாட்டுச் சமவெளியில் வெயில் 40 பாகையைத் தாண்டும் நாட்களில் அலமாரியில் வைத்த புட்டி கனியாது, வெந்துதான் போகும்.

உடல்நலத்தின் பெயரால் எவரும் ஒயினுக்குப் பரிந்து பேசவும் வேண்டாம். மதுபானங்கள் புற்றுநோய் விளைவிப்பவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1988-இலேயே வகைப்படுத்தியது. தீங்கற்ற அளவு என்று எதுவும் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. குடிக்காதவர் இதற்காகக் குடிக்கத் தொடங்கத் தேவையில்லை. சுவைக்க விரும்புவோர் சட்டம் வகுத்த வயதைக் கடந்தபின் ஓரிரு மிடறோடு நிறுத்தினாலும், மேலே சொன்ன இன்பத்தில் எதையும் இழக்க மாட்டார்கள். ஏனெனில் அது அளவில் இல்லை, கவனத்தில் இருக்கிறது.

ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்யும் நமக்கு ஒரு வகைச் சோதனை பழக்கமானது: மாதிரியை அழித்தால்தான் அதன் தன்மையை அறிய முடியும். பழைய ஒயினும் அத்தகையதே. முதிர்ந்துவிட்டதா என்று அறியத் தக்கையைத் திறக்க வேண்டும்; திறந்தபின் அந்தப் புட்டி மேலும் முதிரப்போவதில்லை. விரைந்து திறந்தவனுக்கு வாயைக் கவ்வும் துவர்ப்பு. காலம் கடத்தியவனுக்குச் சாரமற்ற புளிநீர். நடுவிலே எங்கோ உள்ள அந்த ஓர் ஆண்டை எந்தக் கருவியும் உறுதியாகக் காட்டுவதில்லை. ஆகவே தகப்பன் நிலவறையில் வைத்த புட்டியை மகன் ஒரு நாள் தேர்ந்தெடுத்துத் திறக்கும்போது, திராட்சையின் சுவையோடு இருவருடைய பொறுமையும் கிண்ணத்தில் இறங்குகிறது.