நேராக வளர்ந்த மரத்தை வளைத்தவர்

நீளமான அழிரப்பர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கவாட்டில் சம இடைவெளி விட்டுப் பத்துப் பன்னிரண்டு குறுக்குக் கோடுகள் போடுங்கள். பிறகு அதை வில்போல வளையுங்கள். வெளிப்பக்கத்தில் கோடுகள் விலகுகின்றன, உட்பக்கத்தில் நெருங்குகின்றன. ரப்பர் இதைப் பொறுத்துக்கொள்கிறது. ஒரு மரக்கட்டையை இப்படி வளைத்தால்? படாரென்று முறியும். விரிசல் முதலில் தோன்றுவது, இழுக்கப்படும் வெளிப்பக்கத்தில்தான்.

இந்த விரிசலோடு கால் நூற்றாண்டு காலம் மல்லுக்கட்டியவர் மைக்கேல் தோனெட். ஜெர்மனியில் ரைன் நதிக்கரையிலுள்ள போப்பார்ட் என்ற சிற்றூரில் 1796இல் பிறந்தவர். 1819இல் அங்கேயே தச்சுப் பட்டறை வைத்து, ஊராருக்கு நாற்காலி, கட்டில் முதலியவற்றைச் செய்து கொடுத்துவந்தார்.

வளைந்த கைப்பிடி வேண்டுமென்றால் அந்நாளில் தச்சர்கள் பலகையை வளைவாக அறுத்து எடுப்பார்கள். இதில் மரம் வீணாவது ஒருபுறமிருக்க, இன்னொரு சங்கடமும் உண்டு. மரத்தின் நார்கள் நேராக ஓடுபவை. வளைவாக அறுக்கும்போது நார்கள் இடையிடையே வெட்டுப்படுகின்றன. அந்த இடத்தில் வலு குறைந்துவிடுகிறது. நாரை அறுக்காமல், நாரோடு சேர்த்தே மரத்தை வளைக்க முடியாதா? 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோனெட்டைப் பிடித்துக்கொண்ட கேள்வி இது.

அவர் மரத்தை மெல்லிய பட்டைகளாக அறுத்து, தச்சர்கள் பயன்படுத்தும் வச்சிரத்தில் கொதிக்கவைத்து, அச்சில் வளைத்து ஒட்டினார். மெல்லிய பட்டை சுலபமாக வளையும் அல்லவா? நாற்காலிகள் அழகாகவே வந்தன. ஆனால் பிரான்ஸ், இங்கிலாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளில் காப்புரிமை பெறச் செய்த செலவு அவரைக் கடனில் ஆழ்த்தியது. 1841இல் கோப்ளென்ஸ் கண்காட்சியில் அவருடைய வேலைப்பாட்டைக் கண்ட ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக், வியன்னாவுக்கு வருமாறு அழைத்தார். தோனெட் அங்கே போயிருந்த சமயம் பார்த்து, கடன்காரர்கள் போப்பார்டில் அவருடைய சொத்தைக் கைப்பற்றிவிட்டார்கள்! 46ஆம் வயதில் குடும்பத்தோடு அந்நிய நகரில் கூலிக்கு வேலை செய்யும் நிலை. லீக்டென்ஸ்டைன் அரண்மனையின் அறைகளைப் புதுப்பிக்கும் பணியில், தரைக்கு மரச்சில்லுகள் பதித்தும் நாற்காலிகள் செய்தும் பிழைத்தார். 1849இல்தான் மீண்டும் சொந்தப் பட்டறை அமைந்தது.

ஒட்டுமரத்தில் ஒரு குறை இருந்தது. ஈரக்காற்று பட்டால் வச்சிரம் இளகி, பட்டைகள் பிரிந்துவிடும். கப்பலேறி வெப்பநாடுகளுக்குப் போகும் நாற்காலிக்கு இது ஆகுமா? ஆகவே ஒரே கட்டையையே வளைத்தாக வேண்டும்.

மரத்தின் நார்களில் இருப்பது செல்லுலோஸ். நார்களை ஒன்றோடொன்று இறுகப் பிணைப்பது லிக்னின். நீராவியில் வைத்தால் லிக்னின் இளகுகிறது. ஆனால் இங்கேதான் வேடிக்கை. இளகிய மரம்கூட இழுத்தால் நூற்றுக்கு 1 அல்லது 2 பங்குதான் நீளும். அமுக்கினாலோ 25 பங்குவரைகூடச் சுருங்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 செ.மீ. தடிமனுள்ள கட்டையை, உள் ஆரம் 15 செ.மீ. இருக்கும்படி அரைவட்டமாக வளைக்கிறோம். உள்விளிம்பு சுமார் 47 செ.மீ.; வெளிவிளிம்பு 56½ செ.மீ.; நடுக்கோடு 52 செ.மீ. நடுக்கோட்டின் நீளம் மாறாதிருந்தால் வெளிவிளிம்பு நூற்றுக்கு 9 பங்கு நீள வேண்டும். முடியாத காரியம், முறிந்துவிடும்.

தோனெட் என்ன செய்தார் தெரியுமா? வெளிப்பக்கத்தில் ஓர் இரும்புப் பட்டையை வைத்து, கட்டையின் இரு நுனிகளையும் அதோடு இறுகப் பிணைத்தார். பட்டை நீளாது, எனவே அதை ஒட்டிய மரமும் நீள முடியாது. மாற்றம் முழுவதும் உட்பக்கத்துக்குத் தள்ளப்படுகிறது. உள்விளிம்பு 56½இலிருந்து 47ஆகச் சுருங்க வேண்டும். அதாவது நூற்றுக்கு 17 பங்கு. இளகிய மரம் இதைத் தாங்கும்! வளைத்ததை அச்சிலேயே காயவிட்டால் லிக்னின் மீண்டும் இறுகி, வளைவு நிலைத்துவிடும். எத்தனை எளிய உபாயம்! இதற்கு 1856இல் உரிமை கிடைத்தது.

பீச் மரக் காடுகள் நிறைந்த மொராவியாவில், இன்றைய செக் நாட்டின் கோரிச்சனி என்ற ஊரில், தொழிற்சாலை எழுந்தது. ஐந்து மகன்களும் உடன் உழைத்தார்கள். 1859இல் வெளிவந்த 14ஆம் எண் நாற்காலி உலகெங்கும் சிற்றுண்டி விடுதிகளை நிரப்பியது. பின்னாளில் அதன் பாகங்கள் 6 மரத்துண்டுகள், 10 திருகாணிகள், 2 மரைகள் என்று குறைந்தன. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். 1930க்குள் 5 கோடி விற்றதாகக் கணக்கு. 1869இல் உரிமை முடிந்ததும் மற்றவர்களும் இம்முறையைக் கைக்கொண்டார்கள். தோனெட் 1871இல் வியன்னாவில் காலமானார்.

மும்பையின் பழைய இரானி ஓட்டல்களில் இத்தகைய நாற்காலிகளை இன்றும் பார்க்கலாம். வளைந்த மர நாற்காலி எங்கேனும் கண்ணில் பட்டால் அதன் ரேகைகளைக் கவனியுங்கள். வளைவோடு சேர்ந்து ரேகையும் வளைந்து ஓடினால் அது வளைத்த மரம். வளைவின் ஓரத்தில் ரேகை வெட்டுப்பட்டு நின்றால் அது அறுத்து எடுத்தது.