வெள்ளி மலையும் மாமாவும்

தென் அமெரிக்காவில் பொலிவியா என்று ஒரு நாடு. அங்கே பொத்தோசி என்ற மலையூர். 1545-இல் அந்த மலையில் வெள்ளி கிடைத்தது. எப்படித் தெரியுமா? லாமா மேய்த்த ஒருவர் குளிருக்குத் தீ மூட்டினாராம். விடிந்து பார்த்தால், வெள்ளி உருகி ஓடியிருந்ததாம்! இது ஊரார் சொல்லும் கதை.

அப்போது ஆண்டவர்கள் ஸ்பெயின் நாட்டார். மலைவாசிகளைக் கட்டாயப்படுத்திச் சுரங்கத்தில் இறக்கினார்கள். எத்தனையோ பேர் மாண்டார்கள்.

சுரங்கத்துக்குள் கொம்பு வைத்த களிமண் சிலை உண்டு. பெயர் ‘தியோ’. மாமா என்று பொருள். செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் சாராயம் படைப்பார்கள். சிகரெட் பற்றவைத்து மாமாவின் வாயில் செருகுவார்கள். வெளியே வந்தால் மாதா கோவில், உள்ளே மாமா!

சிரிப்பு வருகிறதா? அவர்களுக்குப் பயம். இன்றும் அங்கே பாறை சரிகிறது. கல்தூசி நுரையீரலைக் கெடுக்கிறது. வெள்ளியும் குறைந்துவிட்டது. ஆனாலும் பிழைப்புக்கு அதே மலைதான்.