பட்டியல், வினவல், தடம்: விடுபடுதல் குறித்துச் சில குறிப்புகள்

கணினி பற்றி நம் சிறுபத்திரிகைச் சூழலில் இரண்டு விதமான பேச்சுகளே புழங்குகின்றன. அது நடுநிலையான கருவி, யார் கையிலும் ஒன்றுபோலவே வேலை செய்யும் என்பது ஒன்று. அது முதலாளியத்தின் ஏவலாள், அதோடு நமக்கென்ன பேச்சு என்பது மற்றொன்று. அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பார்க்கும் வழக்கம் இரண்டு தரப்புக்குமே இல்லை. தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு விமர்சனம் எழுதிக்கொண்டிருக்கிற நானும் அப்படித்தான் இருந்தேன். பிழைப்புக்காக மதுரையில் ஒரு சிறிய சரக்கு வண்டி நிறுவனத்தில் கணக்கெழுதப் போன பிறகுதான் அதை வாசிக்க வேண்டி வந்தது. வண்டிகளுக்கு எப்படித் தடம் போடுகிறார்கள் என்று அங்கே கற்றுக்கொண்டதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்லிப் பார்க்கிறேன். கொஞ்சம் கணக்கு வரும், நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நிறுவனத்துக்கு மூன்று 'குட்டியானை' வண்டிகள். கடைகளில் வெட்டிய நைட்டித் துணியைக் கட்டுக்கட்டாக எடுத்துப் போய், வீட்டிலிருந்தே தைக்கும் பெண்களிடம் கொடுக்க வேண்டும். தைத்து முடித்ததை அவர்களிடமிருந்து எடுத்துக் கடையில் சேர்க்க வேண்டும். தைப்பவர்களுக்கு உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. துணி வராத நாளில் கூலி கிடையாது.

பார்க்க எளிய வேலைதான். ஆனால் 'எடுத்துக் கொடுத்தான்' என்கிற தொடரில் வினையெச்சம் முந்தியும் முற்று பிந்தியும் வருவதுபோல, ஒவ்வொரு கட்டையும் எடுத்த பிறகே கொடுக்க முடியும். எடுத்த வண்டியேதான் கொடுக்கவும் வேண்டும். இந்த விதிக்கு உட்பட்டு ஒரு வண்டி எத்தனை வரிசைகளில் போகலாம்? ஒரு கட்டுக்கு ஒரே வரிசை. இரண்டு கட்டுகளுக்கு 6. மூன்றுக்கு 90. ஐந்துக்கு 1,13,400. பத்துக் கட்டுகளுக்குச் சுமார் 2,375 இலட்சம் கோடி. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து ஆகச்சிறந்ததைத் தேர்வதென்பது கணினிக்கும் கட்டுப்படியாகாது. ஆகவே 'உகந்த தடம்' என்று திரையில் வருவது பெரும்பாலும் 'போதுமான அளவு நல்ல தடம்' மட்டுமே. முதலாளிகள் இதைச் சொல்வதில்லை.

இந்தச் சிக்கலுக்கு ஒரு வரலாறு உண்டு. பெட்ரோல் கிடங்கிலிருந்து விற்பனை நிலையங்களுக்கு லாரிகளை எப்படி அனுப்புவது என்பதை 1959இல் டான்ட்சிக், ராம்சர் இருவரும் கணிதச் சிக்கலாக வரையறுத்தார்கள். 1964இல் கிளார்க், ரைட் இருவரும் ஒரு குறுக்குவழி சொன்னார்கள். 'சேமிப்பு' என்று அதற்குப் பெயர். கிடங்கிலிருந்து அ 6 கி.மீ., ஆ 7 கி.மீ., அ-வுக்கும் ஆ-வுக்கும் இடையே 2 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாகப் போய்வந்தால் 12-ம் 14-ம் சேர்ந்து 26. ஒரே சுற்றில் போனால் 6-ம் 2-ம் 7-ம் சேர்ந்து 15. சேமிப்பு 11 கி.மீ. இப்படி எல்லா இணைகளுக்கும் சேமிப்பைக் கண்டு, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி, மேலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவது.

இங்கேதான் தரவுத்தளம் வருகிறது. தரவை அட்டவணைகளாக வைத்து அவற்றின் உறவுகளின் வழியே கேள்வி கேட்கலாம் என்பது ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் 1970இல் முன்வைத்த கருத்து. அதே நிறுவனத்தின் சேம்பர்லின், பாய்ஸ் இருவரும் 1974இல் அதற்கொரு மொழியை வெளியிட்டார்கள். இன்று அதை எஸ்.க்யூ.எல். என்கிறோம். 'எப்படித் தேடு' என்று அதில் சொல்ல வேண்டியதில்லை, 'எது வேண்டும்' என்று சொன்னால் போதும். செலக்ட் என்றால் எதை, ஃப்ரம் என்றால் எதிலிருந்து, வேர் என்றால் எந்த நிபந்தனையில், ஆர்டர் பை என்றால் எந்த வரிசையில். இப்படி எழுதும் கேள்விக்கு வினவல் என்று பெயர்.

எங்கள் அலுவலகத்தில் மூன்று அட்டவணைகள்: ஆர்டர்கள், இடங்கள், வண்டிகள். இடங்கள் அட்டவணையை அதனோடேயே இணைத்தால் எல்லா இணைகளும் கிடைத்துவிடும். அவற்றுக்கு இடையிலான தொலைவையும் சேமிப்பையும் கணக்கிட்டு வரிசைப்படுத்துவது ஒரே வினவலில் முடிகிற வேலை. அடுத்தது பாரம். எடுக்கிற இடத்தில் கூட்டல், கொடுக்கிற இடத்தில் கழித்தல் என்று 'ஓடும் கூட்டல்' ஒன்றைப் போட வேண்டும். வண்டி 700 கிலோ தாங்கும் என்று கொள்வோம். 300 எடுத்து, 250 எடுத்து, 300-ஐக் கொடுத்துவிட்டு 400 எடுத்தால் பாரம் 650, வண்டி போகும். கொடுக்காமல் மூன்றையும் எடுத்தால் 950, போகாது. எடுக்கிற கட்டுகள் ஒன்றேதான், வரிசை மட்டும் வேறு. தாங்காத வரிசைகளை வினவல் தள்ளிவிடும். நேரம் தவறுகிறவற்றையும் அப்படியே தள்ளிவிடும். மிச்சமிருப்பதிலிருந்து ஒன்றைத் தேர்வது. டீசல் செலவு குறைந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

இந்த ஏற்பாடு வந்த இரண்டாவது வாரத்தில் ஒருநாள் ஓட்டுநர் அண்ணன் ஒருவர் என் மேசைக்கு வந்து நின்றார்.

"என்ன தம்பி, ஒங்க மிசினு அந்தத் தெருவையே முழுங்கிருச்சா? நாலு நாளா அங்க ஒரு கட்டும் போகல. வீட்டுக்கு வந்து கேக்குறாங்க."

திரையைப் பார்த்தேன். பாக்கி 0 என்று இருந்தது. முதலாளியோ, "இவரே போகாம இருந்துட்டு மிசின் மேல பழி போடுறாரு" என்று என் முன்னாலேயே சொன்னார். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அன்றைய ஆர்டர்களைக் கையால் எண்ணிப் பார்த்தேன். 43 இருந்தது. தடப்பட்டியலில் 37. ஆறு கட்டுகள் கிடங்கின் மூலையில் கிடந்தன. ஆறும் ஒரே குடியிருப்புக்குப் போக வேண்டியவை. புறம்போக்கில் இருக்கும் அந்தக் குடியிருப்புக்கு முறையான தெருப்பெயரோ கதவெண்ணோ இல்லை. வரைபடத்தால் அந்த முகவரியைக் கண்டுபிடிக்க முடியாததால், இடங்கள் அட்டவணையில் அதன் அட்சரேகை, தீர்க்கரேகைப் பத்திகள் காலியாக இருந்தன.

காலியான அந்த இடத்தை எஸ்.க்யூ.எல். 'நல்' என்று குறிக்கும். நல் என்றால் சுழியம் இல்லை. 'தெரியாது' என்று பொருள். தெரியாத ஒன்றை எதனோடு ஒப்பிட்டாலும் விடை 'ஆம்' என்றும் வராது, 'இல்லை' என்றும் வராது, 'தெரியாது' என்றே வரும். வேர் நிபந்தனையோ 'ஆம்' என்று வருவதை மட்டுமே உள்ளே விடும். '30 கி.மீ.க்குள் இருப்பவை எவை' என்று கேட்டால் அந்த ஆறும் வராது. சரி, '30 கி.மீ.க்கு அப்பால் இருப்பவை எவை' என்று கேட்டால் அதிலும் வராது. 'தொலைவு நல்-க்குச் சமமானவை எவை' என்று கேட்டாலும்கூட வராது, ஏனென்றால் தெரியாததும் தெரியாததும் சமமா என்பதும் தெரியாது. 'தொலைவு இஸ் நல்' என்று அதற்கென்றே தனியாகக் கேட்க வேண்டும். எங்கள் வினவலில் யாரும் அப்படிக் கேட்டிருக்கவில்லை. பாக்கிக் கணக்கும் தடப்பட்டியலிலிருந்தே எடுக்கப்பட்டதால், விடுபட்டவை விடுபட்டதாகவும் பதிவாகவில்லை.

ஊர் என்றும் சேரி என்றும் பிரித்து வைத்ததைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அந்தப் பிரிவினையில் வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு, தான் வெளியே நிறுத்தப்பட்டிருப்பதாவது தெரியும். அதை வைத்துச் சண்டை போடலாம். இங்கே நடந்தது உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் போவது. வினவலை எழுதிய பையனுக்கு அந்தக் குடியிருப்பின் மீது எந்த வெறுப்பும் இல்லை, அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. அதற்குப் பட்டா தராத, தெருவுக்குப் பெயர் வைக்காத பழைய அதிகாரம், ஒரு காலிக் கட்டத்தின் வழியாகப் புதிய அட்டவணைக்குள் இறங்கிவிட்டது. பட்டியலும் அதிகாரமும் பற்றி ஃபூக்கோவை வைத்து நாம் எழுதியவை ஏராளம். இந்தக் காலிக் கட்டத்தை நம்மில் ஒருவராவது பார்த்திருந்தால் ஆறு வீடுகளுக்கு நாலு நாள் கூலி மிஞ்சியிருக்கும்.

அண்ணனுக்கு அந்த முகவரி தெரியும். "தண்ணித் தொட்டிக்குப் பின்னால போயி, டீக்கடைல கேட்டா ஆரும் காட்டுவாங்க." இது முழுமையான முகவரி. பல வருஷம் இதை வைத்துத்தான் கட்டுகள் போய்ச் சேர்ந்தன. அட்டவணையில் இதற்கொரு பத்தி இல்லை, அவ்வளவுதான். அண்ணன் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கைபேசியில் இடத்தைக் குறித்துக்கொண்டு வந்தார். நான் அதை ஏற்றினேன். 'ஓட்டுநர் குறிப்பு' என்று ஒரு பத்தியும் சேர்த்தோம். ஆர்டர் எண்ணிக்கையும் தடத்தில் ஏறிய எண்ணிக்கையும் ஒத்துப்போகாவிட்டால் பட்டியல் அச்சாகாதபடி செய்யச் சொன்னேன். முதலாளி சம்மதித்தார், கடைக்காரர்கள் சத்தம் போட்டார்கள் என்பதால். அந்த நாலு நாள் கூலி யாருக்கும் திரும்பக் கிடைக்கவில்லை. அண்ணனிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. எல்லோரையும் பட்டியலில் சேர்த்துவிட்டாலும் 'உகந்தது' எது என்கிற கேள்வி அப்படியே இருக்கிறது. ஒரு தடம் 41 கி.மீ., அதில் கடைசி வீடு ஐந்து மணி நேரம் காத்திருக்க வேண்டும். இன்னொரு தடம் 46 கி.மீ., அதில் யாரும் மூன்று மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியதில்லை. எது நல்லது? ஆர்டர் பை-க்குப் பின்னால் 'தூரம்' என்று எழுதினால் முதலாவது மேலே வரும், 'அதிகபட்சக் காத்திருப்பு' என்று எழுதினால் இரண்டாவது. எதை எழுதுவது என்பதை எந்த இயந்திரமும் முடிவு செய்வதில்லை, சம்பளம் கொடுப்பவர் முடிவு செய்கிறார். அந்த ஒற்றைச் சொல்லைப் பார்க்கும் உரிமை ஓட்டுபவருக்கும் தைப்பவருக்கும் உண்டா என்பதுதான் அரசியல். செயலிவழி வேலை செய்பவர்களுக்காகக் கர்நாடகம் 2025இல் கொண்டுவந்த சட்டம், தானியங்கி முறைகள் பற்றிய தகவலைத் தொழிலாளிக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. தெரிவித்தால் வாசிக்க நமக்குத் தெரிய வேண்டும்.

தொழிற்சங்கத்தில் வேலை செய்யும் நண்பர்கள் இனி எங்காவது 'கணினி போட்ட பட்டியல்' என்று காட்டப்பட்டால் மூன்று கேள்விகள் கேட்கலாம். உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை? காலியாக இருக்கும் கட்டங்கள் எங்கே போயின? எதை வைத்து வரிசைப்படுத்தியிருக்கிறீர்கள்? இதற்குக் கணிதப் பட்டம் தேவையில்லை.

இப்போது காலையில் அலுவலகம் போனதும் 'இஸ் நல்' வினவலைத்தான் முதலில் ஓட்டுகிறேன். போன வாரம் இரண்டு வரிகள் வந்தன. அச்செடுத்து அண்ணனிடம் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "இது கம்மாய்க்கரை, நான் பாத்துக்கிறேன்" என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.