எண்ணெய் கூடினால் மகிழ வேண்டாம்

நமது சங்கத்துக்கு ஒரு டீசல் கார் உண்டு. ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்குச் சேலைக் கட்டுகளைக் கொண்டு செல்வது, விதையும் உரமும் பற்றிப் பேச அதிகாரிகளைக் காணச் செல்வது, அவசரத்துக்கு ஓர் அங்கத்தினரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பது ஆகிய யாவும் அதன் வேலைகள். சென்ற தீபாவளிக்கு முந்திய வாரத்தில், வியாபாரம் மும்முரமாக நடக்கும் சமயத்தில், அந்தக் கார் நடுவழியில் நின்றது. அங்கத்தினர் பலருடைய வீடுகளிலும் இப்போது டீசல் கார்கள் நிற்பதால், நேர்ந்ததை விவரமாக எழுதுகிறோம்.

அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பிருந்தே எஞ்சின் எண்ணெயின் அளவுக் கம்பி ஒரு புதுமையைக் காட்டி வந்தது. எண்ணெய் குறையவில்லை. மேல் கோட்டையும் தாண்டி நின்றது. “நம் கார் எண்ணெயே குடிப்பதில்லை” என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் பெருமையுடன் சொன்னார், நாமும் தலையசைத்தோம். கிணற்றில் நீர் ஊறலாம், எஞ்சினில் எண்ணெய் ஊறுமா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு, தவணை வந்ததென்று வழியில் இருந்த ஒரு பட்டறையில் எண்ணெயை மாற்றினோம். பழைய எண்ணெயை ஒருவரும் பார்க்கவில்லை. எஞ்சினின் அடித்தொட்டியிலுள்ள டிரெய்ன் பிளக்கைக் கையால் பொருத்தாமல், நீண்ட கைப்பிடியுள்ள ஸ்பானரால் ஒரே மூச்சாக முறுக்கினார்கள். பழைய வாஷரையே திரும்பப் போட்டார்கள். மறுநாள் காலையில் கார் நின்ற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. இன்னும் கொஞ்சம் முறுக்கச் சொன்னோம். கறை பெரிதாயிற்று. மீண்டும் முறுக்கினார்கள். அவ்வளவில் மரை போய்விட்டது.

சந்தையிலிருந்து திரும்புகையில் பவானியைத் தாண்டியதும் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. டிரைவர் அந்த இடத்திலேயே காரை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார். அவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். எண்ணெயின்றி ஓடும் எஞ்சினில் பேரிங்குகள் சில நிமிஷங்களில் உருகிப் பிடித்துக்கொள்ளும். எஞ்சினுக்கு ஆகும் செலவைச் சங்கத்தின் அவ்வருஷ லாபம் தாங்கியிராது.

டிரெய்ன் பிளக்கைப் பற்றி இங்கே சிறிது சொல்ல வேண்டும். இக்காலத்துக் கார்கள் பலவற்றில் அடித்தொட்டி அலுமினியத்தால் ஆனது, பிளக்கோ எஃகு. இரண்டும் மோதினால் தோற்பது அலுமினிய மரையே. ஆகவே எண்ணெய் மாற்றும்போது எஞ்சின் வெதுவெதுப்பாய் இருக்க வேண்டும். கொதிக்கும் சூட்டில் பிளக்கைத் தொடலாகாது. மாட்டும்போது முதல் சில சுற்றுகளை விரலாலேயே சுற்ற வேண்டும். விரலுக்கு இணங்காத பிளக் கோணலாக ஏறுகிறது என்று பொருள். அடியிலுள்ள செப்பு அல்லது அலுமினிய வாஷர் நசுங்கி அடைப்பதற்காகவே செய்யப்பட்டது. ஒரு முறை நசுங்கியது மறுமுறை சரியாக அடைக்காது. சொட்டும் பிளக்கை மேலும் முறுக்குவது வைத்தியமன்று. வாஷரை மாற்றுவதே வைத்தியம். முறுக்கும் அளவு கார்க் கம்பெனியின் கையேட்டில் இருக்கும். அதை டார்க் ஸ்பானரில் வைத்து முறுக்கச் சொல்லுங்கள். மரை கெட்டுப்போனாலும் தொட்டியையே மாற்ற வேண்டும் என்பதில்லை. துளையைப் பெரிதாக்கிப் புதிய மரை வெட்டி, எஃகுச் சுருளைப் பதித்துப் பழைய அளவுப் பிளக்கையே போடலாம். வெட்டிய துகள் தொட்டிக்குள் தங்காமல் கழுவுவது முக்கியம். தொட்டியைக் கழற்றி அவ்வேலையைச் செய்வதே உத்தமம்.

கயிறு கட்டி இழுத்துச் சென்ற பட்டறையில் வயதான மெக்கானிக் ஒருவர் இருந்தார். தொட்டியில் மிஞ்சிய எண்ணெயை ஒரு தட்டில் வடித்தார். “பிளக்கு சொட்டுறது இருக்கட்டுங்க. இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க” என்றார். மாற்றி மூன்று வாரமே ஆன எண்ணெய் தண்ணீர்போல் ஓடியது. டீசல் நெடி மூக்கில் ஏறியது. காலை வேளையில் கார் நடுங்குகிறதா, வெண்புகை வருகிறதா, ‘டக் டக்’ என்று தட்டுகிறதா என்று கேட்டார். மூன்றுக்கும் டிரைவர் ஆம் என்றார். குளிர் காலம் வருகிறது, அதனால்தான் என்று நாம் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தோம்!

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்தத்தால் சூடேறிய காற்றில் டீசல் பனிபோல் தூவப்பட்டுத் தானே பற்றுகிறது. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897-இல் ருடால்ப் டீசல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய முறை இது. 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் இவ்வகை எஞ்சின் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடியது என்பதைக் கடலை பயிரிடும் அங்கத்தினர்கள் ரசிப்பார்கள். ஆனால் இன்றைய காரில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். இன்றைய காமன் ரெயில் முறையில் டீசல் ஆயிரம் வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் இன்ஜெக்டருக்கு வருகிறது. அதன் நுனித் துளை 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை. நெசவாளர் மொழியில், ஏறக்குறைய 40-ஆம் நம்பர் பருத்தி நூலின் பருமன். அத்துளையின் ஊசி சரியாக உட்காராவிட்டால் டீசல் பனியாகத் தூவாமல் துளியாகச் சொட்டும். எரியாத துளி சிலிண்டர்ச் சுவரைக் கழுவிக்கொண்டு அடித்தொட்டிக்கு இறங்கும். நம் எண்ணெய் ‘ஊறிய’ ரகசியம் அதுதான். மெலிந்த எண்ணெய் கெட்ட மரை வழியே விரைவாகவும் ஒழுகியது.

பி.எஸ். 6 விதி வந்த 2020 ஏப்ரலுக்குப் பிந்திய டீசல் கார்களில் வேறொரு காரணமும் உண்டு. புகைக்கரி வடிகட்டியைச் சுட்டுச் சுத்தம் செய்ய எஞ்சின் கூடுதல் டீசலைத் தூவும். எப்போதும் ஊருக்குள்ளேயே ஓடும் காரில் அச்சுத்திகரிப்பு பாதியில் நின்று நின்று, டீசல் எண்ணெயில் கலக்கும். அதற்காக இன்ஜெக்டரைக் குற்றம் சொல்லலாகாது.

மெக்கானிக் முதலில் மின் கம்பிகளைப் பார்த்தார். கொட்டகையில் நிற்கும் கார்களில் எலி கடித்த கம்பியே பாதி நோய்க்குக் காரணம் என்பது அவர் அனுபவம். பிறகு நான்கு இன்ஜெக்டர்களின் திரும்பு குழாய்களிலும் நான்கு சிறு குப்பிகளை மாட்டி எஞ்சினை ஓட்டினார். மூன்றில் சம அளவு. மூன்றாவது சிலிண்டருக்குரியதில் மட்டும் டீசல் மளமளவென்று ஏறியது. கழற்றிச் சோதனை மேடையில் வைத்தபோது அதன் நுனியும் சொட்டியது. பழைய பம்பு எஞ்சின்களில் ஓடும்போதே குழாய் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திக் கெட்ட சிலிண்டரைக் கண்டுபிடிப்பார்கள். காமன் ரெயிலில் அதைக் கனவிலும் செய்யக் கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். கையையே இழக்க நேரும். கசிவைத் தேடிக் கையால் தடவுவதும் அத்தகைய ஆபத்தே.

இன்ஜெக்டரின் அடியிலும் ஒரு செப்பு வாஷர் உண்டு. கழற்றும்போது பழையது குழியிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைக் கவனியாமல் மேலே புதியதைப் போட்டால் எரிந்த வாயு கசியும். சுற்றிலும் தார்போல் கரி படியும். ‘சுக் சுக்’ என்ற ஒலி கேட்கும். சில எஞ்சின்களில் அவ்வாயு மேல்மூடிக்குள் போய், எண்ணெயைக் கெட்டியாக்கி, அடித்தொட்டிச் சல்லடையையே அடைத்துவிடுகிறது. இன்ஜெக்டர் புதிதானால் அதன்மேல் பொறித்த எண்ணைக் காரின் கணினியில் பதியச் செய்வதும் பட்டறையின் வேலை, கேட்டு வாங்குங்கள்.

இன்ஜெக்டர் கெட்டது எதனால்? டீசல் வடிகட்டியின் அடிக்குழாயைத் திறந்ததும் அரை டம்ளர் தண்ணீர் வந்தது. பம்பு செட்டுக்காக அங்கத்தினர் ஒருவர் டிரம்மில் வைத்திருந்த டீசலை, அவசரத்துக்கென்று இரண்டு முறை காரில் ஊற்றியிருந்தோம். மழைக்கால ஈரம் டிரம்மின் அடியில் நீராகத் தங்கியிருந்தது. கொடுத்தவர்மேல் குற்றமில்லை, கேட்டு வாங்கியவர்கள் நாமே.

எஃகுச் சுருள் பதித்து, டாங்கியைக் கழுவி, வடிகட்டிகளையும் எண்ணெயையும் மாற்றினோம். 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடியும் எண்ணெய் மாற்றச் சொன்னார் மெக்கானிக். செலவைப் பார்த்து முணுமுணுத்தாலும் செய்தோம். அந்த முறை வடித்த எண்ணெயைத் தட்டில் பிடித்துக் குழுவினர் யாவரும் முகர்ந்தோம். டீசல் நெடி இல்லை. அளவுக் கம்பியின் நிலையை டிரைவர் இப்போது திங்கட்கிழமைதோறும் நோட்டில் குறிக்கிறார். ஏறினாலும் இறங்கினாலும் காரியதரிசியிடம் சொல்கிறார்.