ஏர் பிஸ்டல் வாங்கப் போறீங்களா? விலையைப் பார்க்கும் முன் கையைப் பாருங்க!

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் உலகமே ரசித்த காட்சி அது. துருக்கியின் யூசுஃப் டிகெச், சாதாரண மூக்குக்கண்ணாடியோடு, ஒரு கையை பேன்ட் பாக்கெட்டில் விட்டபடி சுட்டு, கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வென்றார். ‘ஒரு உபகரணமும் இல்லாமல் ஜெயிச்சுட்டாரே!’ என்று மீம்கள் பறந்தன. ஆனால், அவரின் இன்னொரு கையில் இருந்தது போட்டிக்கென்றே தயாரிக்கப்பட்ட ஏர் பிஸ்டல். மற்றதில் சிக்கனம் பிடிக்கலாம், இதில் முடியாது.

அதே பாரிஸில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றதைப் பார்த்து, உங்கள் வீட்டுப் பிள்ளையும் ‘எனக்கும் வேணும்’ என்று கேட்கலாம். இறக்குமதி பிஸ்டல் என்றால் விலை லட்சத்தைத் தாண்டும். கடைக்குப் போகும் முன் இதையெல்லாம் தெரிந்துகொள்ளுங்கள்.

விதி என்ன சொல்கிறது?

10 மீட்டர் தூரத்தில் இருக்கும் இலக்கில், 10 புள்ளி தரும் வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஒரு சட்டைப் பொத்தான் அளவு! தகுதிச்சுற்றில் 75 நிமிடத்தில் 60 முறை சுட வேண்டும். அதுவும் ஒரே கையில். குண்டு 4.5 மில்லிமீட்டர். பிஸ்டலின் எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது. டிரிகரை இழுக்கத் தேவைப்படும் விசை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. லென்ஸ் வைத்த குறிநோக்கிக்கு அனுமதி இல்லை.

முதலில் பிடி

விலையைவிட முக்கியம் கைப்பிடி. வலக்கை, இடக்கைக்குத் தனித்தனியாகவும், சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவு வாரியாகவும் கிடைக்கும். ‘வளர்ற பிள்ளைதானே’ என்று செருப்பு வாங்குவதுபோல ஒரு அளவு கூடுதலாக வாங்கினால், ஒவ்வொரு முறையும் பிடி மாறும், குறி தவறும்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ரேஞ்சில், கோச்சின் மேற்பார்வையில், குண்டு போடாத பிஸ்டலைப் பிடித்து, கண்களை மூடி, கையை இலக்கை நோக்கி உயர்த்தச் சொல்லுங்கள். கண் திறக்கும்போது முன்குறியும் பின்குறியும் ஏறக்குறைய நேராக நின்றால் பிடி பொருந்துகிறது. மணிக்கட்டை வளைத்துத்தான் நேராக்க வேண்டியிருந்தால், அது அந்தக் கைக்கானது அல்ல.

எடையும் அப்படித்தான். ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும் பிஸ்டலை 60 முறை தூக்கி இறக்குவது சிறு பிள்ளைகளின் தோளுக்குப் பெரிய வேலை. இளையோருக்கென எடை குறைந்த மாடல்களும் உண்டு.

காற்று எங்கிருந்து?

நெம்புகோலை ஒவ்வொரு முறையும் இழுத்துக் காற்றை அழுத்தும் வகைக்கு சிலிண்டர் செலவு இல்லை. ஆனால், கை சீக்கிரம் களைக்கும். இன்று பெரிய போட்டிகளில் அதிகம் காண்பது, அழுத்தக் காற்று சிலிண்டர் பொருத்திய வகை. செகண்ட் ஹேண்டில் வாங்கினால் சிலிண்டரின் காலாவதித் தேதியைப் பாருங்கள். தேதி கடந்த சிலிண்டரோடு போட்டிக்குப் போக முடியாது.

பழுதானால்?

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், தகுதிச்சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதானது. சரிசெய்து திரும்புவதற்குள் பல நிமிடங்கள் கரைந்தன. மீதியை அவசரமாகச் சுட்டு 575 புள்ளிகள் எடுத்தார். 12-ம் இடம், இறுதிச்சுற்று இரண்டே புள்ளிகளில் கைநழுவியது. தேசிய அணி வீராங்கனைக்கே இந்த நிலை என்றால், உதிரிபாகம் எங்கே கிடைக்கும், யார் சரிசெய்வார்கள் என்று கேட்காமல் பணம் கொடுக்கலாமா?

இந்தியாவில் 4.5 மில்லிமீட்டருக்கும் 20 ஜூலுக்கும் மிகாத ஏர் பிஸ்டலுக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. அதற்காக அது பொம்மை ஆகிவிடாது. பூட்டி வைப்பது பெற்றோரின் பொறுப்பு.

முதல் சில மாதங்கள் கிளப் பிஸ்டலிலேயே பழகட்டும். பிள்ளையின் கை அளவும், ஆர்வம் எவ்வளவு நாள் நிற்கிறது என்பதும் அதற்குள் தெரிந்துவிடும். கேட்ட வாரமே வாங்கிய பிஸ்டல், பல வீடுகளில் கீபோர்டும் கேரம் போர்டும் இருக்கும் அதே பரணுக்குப் போய்விடக் கூடாது!