இரும்பு நுழையாத துளை

பாறையை உடைக்கும் தொழிலில் மரத்துக்கு என்ன வேலை?

கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டைப் பக்கம், பழைய சாமான் கடை ஒன்றில் ஒரு சாண் நீளமுள்ள மரமுளை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு முனை கைக்கு அடக்கமாகப் பருத்திருக்கிறது. மறுமுனை பென்சில்போல் மெலிந்து கூம்பியிருக்கிறது. ஆணி இல்லை, பூண் இல்லை, இரும்பு என்பது மருந்துக்கும் இல்லை. கடைக்காரருக்கு அதன் பெயர் தெரியாது. அஃது என்ன கருவி என்று எவ்வாறு அறிவது?

மூன்று கேள்விகள் கேட்டால் போதும். எதனால் ஆனது? எங்கே தேய்ந்துள்ளது? எதனுடைய அளவுக்குப் பொருந்துகிறது?

நாற்று நடக் குழி போடும் முளையாக இருக்குமோ? அதுவானால் மண்ணில் குத்திக் குத்தி முனை மழுங்கியிருக்கும், மண்கறை ஏறியிருக்கும். கப்பலில் வடத்தின் புரிகளைப் பிரிக்கும் முளையோ? அது தடித்தது, கயிறு உராய்ந்து உடல் முழுதும் வழவழப்பாகியிருக்கும். நம் முளையில் இவ்வடையாளங்கள் இல்லை. அதன் மெல்லிய முனையோ கால் அங்குலத்தைச் சற்றே தாண்டுகிறது. இந்த அளவுதான் நமக்குத் திறவுகோல். சுரங்கத்தில் வழங்கிய டெட்டனேட்டர் என்னும் சிறு உலோகக் குழலின் பருமன் ஏறத்தாழ அதுவே!

சுரங்கத்தில் பாறையை எப்படித் தகர்த்தார்கள் என்று பார்த்தால் விளங்கும். முதலில் பாறையில் நீண்ட துளை இடுவர். டைனமைட் போன்ற வெடிமருந்து அடைத்த தோட்டாக்களை அதனுள் செலுத்துவர். தோட்டா தானே வெடிக்காது. அதை எழுப்ப டெட்டனேட்டர் வேண்டும். தோட்டா ஒன்றில் சிறு துளை செய்து, திரி பொருத்திய டெட்டனேட்டரை அதற்குள் வைக்கவேண்டும். அந்தத் துளையைச் செய்யும் கருவியே நம் மரமுளை. தோட்டாக்களைப் பாறைத் துளைக்குள் தள்ளவும், மேலே களிமண் இட்டுக் கெட்டிக்கவும் மற்றொரு நீண்ட கோல் உண்டு. அதுவும் முழுக்க மரமே.

ஏன் மரம்? இரும்பு பாறையில் மோதினால் பொறி பறக்கும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1848 செப்டம்பர் 13 அன்று, பினியாஸ் கேஜ் என்னும் இரயில்பாதைத் தொழிலாளர் இரும்புக் கோலால் வெடிமருந்தைக் கெட்டிக்கையில் அது வெடித்தது. 3 அடி 7 அங்குல நீளமுள்ள அந்தக் கோல் அவர் கன்னத்தில் புகுந்து உச்சந்தலை வழியே வெளியேறியது. அவர் 1860 வரை உயிர்வாழ்ந்தது மருத்துவ உலகின் வியப்பு. அத்தகைய பேறு எல்லாருக்கும் வாய்க்குமா?

ஆபத்தைக் குறைக்க அறிவு படிப்படியாக வளர்ந்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் பிக்ஃபோர்டு 1831-இல் பாதுகாப்புத் திரியைக் கண்டார். ஆல்பிரட் நோபல் 1867-இல் டைனமைட்டுக்கு உரிமம் பெற்றார். 1880-இல் கோலார் சுரங்கங்களின் நிருவாகத்தை ஜான் டெய்லர் நிறுவனம் ஏற்றபின், கார்ன்வால் சுரங்கத்தார் பலர் இங்கே வந்தனர். இந்தியாவின் 1961-ஆம் ஆண்டு உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளும் இதைச் சட்டமாக்கின: மருந்து செலுத்தும் கருவி முழுதும் மரத்தால் ஆகவேண்டும், தோட்டாவில் துளையிடும் கருவி பித்தளையாலோ மரத்தாலோ ஆகவேண்டும்.

ஆகவே, இம்முளையில் இரும்பு இல்லாதது செய்தவன் வறுமையால் அன்று. உயிர் காக்கும் அறிவால். அந்த உயிர்கள் யாருடையவை? வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற தமிழர் பல்லாயிரவர் அங்கே உழைத்தனர். சாம்பியன் ரீப் சுரங்கம் 10,000 அடிக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறை தானாகவே வெடித்துச் சிதறுவதுண்டு. அதற்குமேல் ஒரு பொறியையும் யார் தாங்குவது?

தோழர்களே, ஓர் எச்சரிக்கை. இத்தகைய கருவிகளுடன் சுண்டுவிரலினும் மெல்லிய செம்பு அல்லது அலுமினியக் குழல் ஏதும் கண்டால் தொடாதீர்கள். எத்தனை ஆண்டு கழிந்தாலும் டெட்டனேட்டர் விரல்களைப் பறிக்கவல்லது. விலகி நின்று காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

கருவி மட்டும் கிடைத்தால் அதைத் தேய்த்துக் கழுவி மெருகேற்றாதீர்கள். தேய்மானமே அதன் சான்று. நீளம், பருமன், கிடைத்த இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவரிடம் காட்டுங்கள். 2001 பிப்ரவரி 28-இல் அந்தச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அவற்றில் இறங்கியவர்கள் ஆண்டுதோறும் குறைந்துவருகிறார்கள். "ஐயா, இதை நீங்கள் என்ன பெயரிட்டு அழைத்தீர்கள்?" என்று கேட்டு, அவர் சொல்லும் சொல்லை அப்படியே எழுதிவையுங்கள். கருவியின் வேலையை அளவுகோல் சொல்லிவிடும். அதன் பெயரைச் சொல்ல அவரே வேண்டும்.