கியரற்ற ஸ்கூட்டரும் அதன் வாரும்

ஆலைகள் மலிந்த இக்கொங்குநாட்டில் வாரினைக் காணாதார் அரியர். மாவரைக்கும் கிரைண்டரிலும் நெல்லரவை மில்லிலும் ஆற்றலைக் கொண்டுசெல்வது அதுவே. தொழிலாளர் 'பெல்ட்' என வழங்கும் இதனை யாம் வாரென்றே குறிப்போம்.

1888-இல் கோவையில் முதல் நூற்பாலை தோன்றியது. 1932-இல் பைக்காரா நீர்மின்நிலையம் இயங்கத் தொடங்கியபின் ஆலைகள் பல்கின. அவ்வாலைகளில் பஞ்சுத்திரியை முறுக்கிப் பாபினிற் சுற்றும் சிம்ப்ளெக்ஸ் பொறியைக் கண்டோர், அதனுள் தலைமாறிக் கிடக்கும் இரு கூம்புருளைகளையும், அவற்றின்மீது மெல்ல நகரும் வாரினையும் நோக்கியிருப்பர். பாபின் பருக்கப் பருக்க அதன் சுழற்சியைச் சிறிது சிறிதாய் மாற்றுவது அவ்வாரின் தொழில். புதிய பொறிகளில் அதனை மோட்டார்களே செய்கின்றன. ஆயினும் அக்கருத்தே 1958-இல் ஆலந்து நாட்டு டாஃப் காரிலும், 1984-இல் நம் நாட்டிற்கு வந்த கைனெடிக் ஹோண்டா ஸ்கூட்டரிலும் வேறுருக்கொண்டு அமைந்தது.

ஸ்கூட்டரின் பக்கவுறைக்குள் இரு கப்பிகள் உள. ஒவ்வொன்றும் எதிரெதிர்ச் சாய்ந்த இரு தட்டுகளாலாயது. ஒன்று நிலையானது, மற்றது நகர்வது. எஞ்சின் தண்டிலுள்ள முன்கப்பியின் நகருந்தட்டிற்குப் பின்னே, பெரும்பாலும் ஆறு சிற்றுருளைகள் கிடக்கும். எஞ்சின் விரையுந்தோறும் அவை வெளிநோக்கி வீசப்பட்டுத் தட்டினை நெருக்கும். வார் விளிம்பை நோக்கி ஏறும். வாரின் நீளம் மாறாதாகலின், பின்கப்பியில் அது சுருள்வில்லின் வலியை வென்று உள்ளிறங்கும். முன்வட்டம் சிறுத்துப் பின்வட்டம் பெருத்திருக்கையில் இழுப்பு மிகும். முறை மாறின் வேகம் மிகும். ஏற்றத்திற் சுமை கூடுங்கால், பின்கப்பியிலுள்ள சாய்வெட்டு தட்டுகளை மீண்டும் நெருக்கி, வாரினை இழுப்புநிலைக்குத் திருப்பும். வண்டியோட்டுபவர் கை அறியாமலே இத்தனையும் நிகழ்கின்றன!

அறியாமையே எமக்கு வினையாயிற்று. சென்ற கோடையில் யாமும் தோழர் ஒருவரும் மேட்டுப்பாளையத்தினின்று குன்னூருக்கு ஏறினோம். பர்லியாறு கடந்ததும் எஞ்சின் அலறிற்று, வண்டியோ ஏறவில்லை, கருகிய இரப்பர் நாற்றம் எழுந்தது. திரும்பிச் சரிவில் இறங்குகையில் எஞ்சினின் தடை சிறிதுமின்றி, பிரேக்குகளே துணையாயின. அவையும் சூடேறித் தளரவே, இருமுறை ஓரத்தில் நின்று ஆறவிட்டு, ஒருவாறு கீழே வந்து சேர்ந்தோம்.

பணிமனையில் உறையைக் கழற்றியபோது காரணம் விளங்கிற்று. முன்பொருகால் வண்டியைப் பழுதுபார்த்த ஒருவர் தட்டுகளின் முகத்திலே கிரீஸ் பூசியிருந்தார்! நல்லெண்ணத்தாற் செய்தார் போலும். பின்கப்பியின் உள்ளுறுப்புகளுக்குரிய கிரீஸ் வேறு; வார் தொடும் முகங்களோ உலர்ந்தே இருத்தல் வேண்டும். உராய்வினாலன்றி வார் பற்றுமாறில்லை. எம் வாரின் பக்கங்கள் கண்ணாடிபோல் மினுங்கின; ஓரத்தில் நூலிழைகள் பிரிந்திருந்தன. உருளைகளும் ஒருபுறம் தேய்ந்து தட்டையாயிருந்தன.

ஆகவே, வண்டியின் கைந்நூல் குறித்த தொலைவில் உறையைத் திறந்து, தூசியைப் போக்கி, வாரின் அகலத்தை அளந்து, பற்களின் அடியில் வெடிப்புண்டோவெனப் பார்த்தல் வேண்டும். அகலம் குறைந்த வார் ஏறவேண்டிய இடத்துக்கு ஏறாது. உருளைகளை மாற்றின் அனைத்தையும் ஒருங்கே மாற்றுக. மலையேற உதவுமென்று இலகுவான உருளைகளை இடுவோர் உளர். இழுப்பு முந்திக் கிடைக்குமென்பது உண்மையே. ஆயின் சமவெளியிலும் எஞ்சின் வீணே மிகச் சுழன்று எரிபொருளைக் குடிக்கும். பல்லடம் சாலையில் நாள்தோறும் செல்வோர்க்கு அது வேண்டாவென்பது எம் கருத்து.

புதுவாரினை மாட்டுகையில் அதன்மேல் அம்புக்குறி இருப்பின் சுழலுந்திசைக்கு ஏற்ப அமைத்தல் வேண்டும். முதலிற் பின்கப்பியின் தட்டுகளை விரித்து வாரினை ஆழமாய் இறக்குதல் இன்றியமையாதது. அங்ஙனம் செய்யாவிடின் முன்தட்டுகளிடையே வார் நசுங்கி நிற்க, நட்டு இறுகியதுபோல் தோன்றும். ஓடத் தொடங்கியதும் அது தளரும். எம் வண்டியில் அந்நட்டை இறுக்கியபின், பின்சக்கரத்தை உயர்த்தி நிறுத்திச் சிறிது நேரம் ஓடவிட்டு, மீண்டும் ஒருமுறை சோதித்த பின்னரே உறையை மூடினர்.